தழும்பைத் துடைத்த தூரிகை

1

அத்தை கொடுத்த போட்டோ போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரியது. அப்பத்தா மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் ஸ்டூடியோக்காரர் தொங்கவிட்ட திரை, அதில் ஒரு மாளிகையின் படிக்கட்டு. அறுபதுகளில் எடுத்தது. அப்பத்தாவுக்கு அப்போது முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவளுடைய படம் என்று வீட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஃபிரேமுக்குள் ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்து, முகத்திலும் சேலையிலும் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. "நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்ல இருக்கியேப்பா, இதக் கொஞ்சம் சரி பண்ணிக் குடு" என்றார் அத்தை.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனிடம் பிரிண்டர் ரிப்பேர் முதல் போட்டோ ரிப்பேர் வரை எல்லாம் வரும். போட்டோஷாப்பை அதுவரை படத்தின் அளவைக் குறைப்பதற்கு மட்டுமே திறந்திருக்கிறேன். ஆனாலும் மறுக்கவில்லை. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்துகொண்டேன். நான்கு வாரம், ராத்திரி ராத்திரியாக, பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது வாரம் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யாருப்பா இது?"

அப்பத்தாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டிருக்கிறது. முகமெல்லாம் தழும்பு. நான் பிறப்பதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் அப்படி இருந்தார்கள். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975இல். என் தலைமுறை அம்மைத் தழும்பு முகத்தை அருகில் பார்க்காமலே வளர்ந்தது. ஆகவே பூஞ்சை என்று நினைத்து நான் துடைத்ததில் பாதி, அவளுடைய முகம்.

இது அந்தத் தவறைப் பற்றிய கட்டுரை. அதைவிட முக்கியமாக, அந்தத் தவறை அவ்வளவு சுலபமாக, அவ்வளவு சுத்தமாகச் செய்யவிட்ட கருவியைப் பற்றியது. ஒரு கவிதையையோ நாவலையோ விமர்சிப்பதுபோல ஒரு பிரஷ்ஷையும் விமர்சிக்க முடியும் என்று நினைக்கிறேன். எது குறை, எது அழகு என்பதில் கருவிக்கும் ஒரு கருத்து இருக்கிறது. அதை அது வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

2

டிஜிட்டல் பிரஷ்ஷைக் கற்க உட்காருபவர் முதலில் மறக்க வேண்டியது தூரிகை என்ற சொல்லை. இதில் மயிரும் இல்லை, ஈரமும் இல்லை. போட்டோஷாப்பின் சாதாரண பிரஷ் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஒரு சின்னப் படம், பெரும்பாலும் ஒரு வட்டம். நாம் மவுஸை இழுக்கும்போது மென்பொருள் அந்த வட்டத்தை வரிசையாகக் குத்திக்கொண்டே போகிறது. இரண்டு குத்துகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு ஸ்பேசிங் என்று பெயர். வழக்கமாக வட்டத்தின் விட்டத்தில் 25 சதவீதம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குத்துவதால் நம் கண்ணுக்குக் கோடாகத் தெரிகிறது. அந்த எண்ணை 150க்கு ஏற்றிப் பாருங்கள். கோடு உடைந்து கோலப்புள்ளி மாதிரி தனித்தனியாக நிற்கும். இதை முதல்முறை செய்து பார்த்த இரவு, மேஜிக்காரனின் சட்டைக் கைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அடுத்தது ஹார்ட்னஸ். 100 வைத்தால் விளிம்பு கத்தரித்த மாதிரி இருக்கும். 0 வைத்தால் நடுவில் அடர்ந்து, ஓரத்தில் ஒன்றுமில்லாமல் கரையும். அதற்கடுத்தது ஒபாசிட்டியும் ஃப்ளோவும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டையும் குறைத்தால் நிறம் மங்குகிறது, பிறகு எதற்கு இரண்டு? ஃப்ளோ என்பது ஒவ்வொரு குத்திலும் எவ்வளவு இறங்குகிறது என்பது. ஒபாசிட்டி என்பது கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எத்தனை முறை தேய்த்தாலும் இதற்குமேல் ஏறாது என்ற வரம்பு. குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது ஃப்ளோ, தொட்டி எதுவரை நிரம்பும் என்பது ஒபாசிட்டி. ஃப்ளோவைப் பத்துக்கும் கீழே வைத்து, ஒரே இடத்தில் பொறுமையாகத் தடவித் தடவி நிழலை ஏற்றும்போதுதான் கைக்கு ஏதோ பிடிபடுகிறது. மவுஸில் இது பாதிதான் வரும், மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. அழுத்தம் உணரும் பேனாவும் டேப்லெட்டும் இருந்தால் மணிக்கட்டு சொல்வதை பிரஷ் கொஞ்சம் கேட்கும்.

கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்த பெரிய வேலை பிரஷ் சேகரித்தது. இணையத்தில் கரி பிரஷ், வாட்டர்கலர் பிரஷ், தோல் பிரஷ், மேக பிரஷ் என்று மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. இரண்டாவது வார முடிவில் என்னிடம் நானூறுக்கு மேல் இருந்தன. கடைசிவரை பயன்படுத்தியது மூன்று. நல்ல பேனாவும் நல்ல நோட்டும் வாங்கிவிட்டால் நாவல் வந்துவிடும் என்று நம்புகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் அந்தக் கட்சிதான். எழுத்தில் ஒரு வரிகூட நகராத நாட்களில் எழுதும் செயலியை மாற்றிப் பார்ப்பவன். கருவி சேர்ப்பது கற்பதுபோன்ற ஒரு களைப்பைத் தருகிறது. அந்தக் களைப்போடு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

3

கணினியில் வரையும் ஆசை போட்டோஷாப்புக்கு மூத்தது. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் 1973லேயே சூப்பர்பெயின்ட் என்ற ஓவியக் கணினியை இயக்கிவிட்டார். ஆனால் போட்டோஷாப் பிறந்தது ஓவியனின் மேஜையில் அல்ல, இருட்டறையில். அதை எழுதிய தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் அப்பாவுக்கு வீட்டு நிலவறையில் சொந்தமாக ஒரு டார்க்ரூம் இருந்தது. பிள்ளைகள் அங்கேதான் பிரிண்ட் போடக் கற்றார்கள். 1990 பிப்ரவரியில் முதல் போட்டோஷாப் வந்தது. டாட்ஜ், பர்ன் என்று இன்றும் அதில் இருக்கும் கருவிகளின் பெயர்கள் இருட்டறைச் சொற்கள். காகிதத்தில் ஒரு இடத்துக்கு ஒளி குறைவாக விழும்படி மறைப்பது டாட்ஜ், அதிகமாக விழவிடுவது பர்ன். ஒன்றின் ஐகான் குச்சியில் செருகிய மறைப்பு வட்டம், மற்றொன்று ஒளியைக் குவித்துப் பிடிக்கும் கை. சகோதரர்கள் இந்த மென்பொருளை ஊர் ஊராக விளக்கிக் காட்டியபோது பயன்படுத்திய படம், ஜான் தன் காதலியைக் கடற்கரையில் எடுத்தது. அந்தப் பெண்ணை நகலெடுத்துப் பக்கத்தில் இன்னொருத்தியாக உட்கார வைத்துக் காட்டுவார். கூட்டம் கைதட்டியது எங்கே ஒட்டு என்று தெரியாததற்காக.

இந்த வம்சாவளி முக்கியம். ஓவியனின் தூரிகை தன் தடத்தை விட்டுப்போக ஆசைப்படும். வான்கோவின் வானத்தில் நாம் பார்ப்பது வானத்தை மட்டும் அல்ல, அவர் கை போன பாதையையும்தான். போட்டோவைத் திருத்துபவரின் பிரஷ்ஷுக்கு லட்சியமே வேறு. தான் வந்துபோனது தெரியக்கூடாது. நம்மூர் ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்தவர்களும் அப்படித்தான். நெகட்டிவைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, கூர்சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் கன்னத்துக் குழியையும் நிரப்புவார்கள். நெகட்டிவில் கறுப்பு கூடினால் பிரிண்டில் வெளுப்பு கூடும். நல்ல டச்சிங்காரர் என்றால் கையே படாதது மாதிரி செய்பவர்.

டுடோரியல்கள் இந்த லட்சியத்தை ஒரு இலக்கணமாகவே ஆக்கிவிட்டன. இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. நடுவில் ஒரு கோட்டை இழுத்து இழுத்துக் காட்டுவார்கள். இடது பக்கத்து முகத்தில் இருப்பதெல்லாம் பிரச்சினை, வலது பக்கத்தில் இல்லாதிருப்பதெல்லாம் திறமை. நான் பார்த்த இருபது முப்பது வீடியோக்களில் ஒன்றில்கூட 'இதைத் தொட வேண்டாம், இது அவருடையது' என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4

நான் தழும்பைத் துடைத்தது ஹீலிங் பிரஷ்ஷால். குணப்படுத்தும் தூரிகை. பெயரைக் கவனியுங்கள், நோயைப் பற்றிய ஒரு தீர்ப்பு அதிலேயே இருக்கிறது. 2002இல் போட்டோஷாப் 7இல் வந்தது. அதற்கு முன்னால் இருந்த குளோன் ஸ்டாம்ப் ஒரு இடத்தை அப்படியே பெயர்த்து இன்னொரு இடத்தில் ஒட்டும். கன்னத்தின் வெளிச்சமான பகுதியை எடுத்து நிழலான பகுதியில் ஒட்டினால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். ஹீலிங் பிரஷ் அந்தத் தவறைச் செய்யாது. நாம் காட்டும் நல்ல இடத்திலிருந்து தோலின் இழையமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிறத்தையும் வெளிச்சத்தையும் குறையுள்ள இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கும். இரண்டையும் ஓரம் தெரியாமல் சேர்க்கும். 2005இல் வந்த ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷுக்கு நல்ல இடத்தைக்கூட நாம் காட்ட வேண்டியதில்லை. தொட்டால் போதும்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எஞ்சினியரிங் படித்தவர்களுக்குப் பழக்கமான குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்றாம் செமஸ்டரில் ஒரு உலோகத் தட்டு வரும். நான்கு விளிம்பிலும் வெப்பநிலை இவ்வளவு, நடுவில் எவ்வளவு என்று கண்டுபிடி. லாப்லாஸ் சமன்பாடு. மனப்பாடம் செய்து, எழுதி, பாஸாகி, மறந்துவிட்டேன். அந்தச் சமன்பாட்டின் சாரம் ஒரே வாக்கியம்: எந்தப் புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ளவற்றின் சராசரியாக இருக்கும். தட்டுக்கு அது இயற்பியல். முகத்துக்கு அதைப் பொருத்தினால் அது அழகியல். தன் சுற்றத்திலிருந்து வேறுபட்டு நிற்பது எதுவோ அது பழுது என்று ஆகிவிடுகிறது. மச்சம், தழும்பு, பூஞ்சை, தூசி எல்லாம் ஹீலிங் பிரஷ்ஷுக்கு ஒரே சாதி. அதற்கு எது காகிதத்தின் காயம், எது மனுஷியின் காயம் என்று தெரியாது. தெரியாதது அதன் குற்றம் இல்லை. தெரிந்தமாதிரி வேலை செய்வதுதான் அதன் ஆபத்து. அவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்துவிடுவதால் என்னை நிறுத்தி யோசிக்கவைக்க ஒரு பிசிறுகூட இல்லை.

தடம் தெரியாத கை என்ன செய்யும் என்பதற்குப் பெரிய உதாரணங்கள் கணினிக்கு முன்பே உண்டு. மாஸ்கோ - வோல்கா கால்வாய் ஓரமாக ஸ்டாலினோடு யெசோவ் இருக்கும் படம் பிரசித்தம். ரகசியப் போலீஸின் தலைவராக இருந்து ஆயிரக்கணக்கானவர்களை இல்லாமலாக்கிய அந்த ஆள் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரைத் தீட்டியவர் திறமைசாலி. என் அப்பத்தாவின் கன்னத்தை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான். நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் தூரம். தொழில்நுட்பத்தில் அந்தத் தூரம் இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

இப்போது இந்த வேலைக்கு பிரஷ்கூடத் தேவைப்படுவதில்லை. பழைய படத்தைப் போட்டால் ஏஐ செயலி நொடியில் 'மீட்டு'த் தருகிறது. குடும்ப வாட்ஸப் குழுவில் வாரம் ஒரு தாத்தா பளிச்சென்று வந்து நிற்கிறார். எல்லாத் தாத்தாவுக்கும் ஒரே மாதிரி ஈரமான கண், ஒரே மாதிரி தோல். லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்து, முகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து நிரப்பியவை. ஹீலிங் பிரஷ் பக்கத்துப் பிக்சல்களின் சராசரியைத் தேடியது, இது உலகத்து முகங்களின் சராசரியைத் தேடுகிறது.

5

டிஜிட்டல் பிரஷ் தன் தடத்தை ஒளித்துத்தான் ஆக வேண்டுமா? டேவிட் ஹாக்னி 2009இல் ஐபோனிலும் அடுத்த வருடம் ஐபேடிலும் பிரஷஸ் என்ற செயலியில் வரையத் தொடங்கினார். அப்போது எழுபதைத் தாண்டிவிட்டவர். அவருடைய ஐபேட் படங்களில் கோடுகள் எண்ணெய் ஓவியம் மாதிரி நடிப்பதில்லை. கண்ணாடிமேல் இழுத்த கோடு என்று பார்த்ததும் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது, அந்தச் செயலி ஒவ்வொரு இழுப்பையும் வரிசைக்கிரமமாக நினைவில் வைத்திருந்து, வரைந்த கதையைத் திரும்ப ஓட்டிக்காட்டும் என்பது. ஹாக்னி அந்த ஓட்டத்தையும் கண்காட்சியில் வைத்தார். தவறாகப் போட்ட கோடு, அதன்மேல் போட்ட நிறம், மனம் மாறியது எல்லாம் அதில் வரும். எண்ணெய்த் தூரிகையால்கூட முடியாத அளவுக்கு டிஜிட்டல் பிரஷ் தன் தடத்தைச் சொல்ல வல்லது. லேயர்களும் அதற்காகத்தான். 1994இல் போட்டோஷாப் 3இல் வந்தவை. செய்ததையெல்லாம் தனித்தனி அடுக்கில் வைத்து, வேண்டும்போது திறந்து காட்டலாம். நாம்தான் வேலை முடிந்ததும் அடுக்குகளை ஒன்றாக்கி, ஜேபெக்காகச் சேமித்து, சாட்சியைக் கொன்றுவிடுகிறோம்.

ஓவிய மீட்பில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. ரோமில் 1939இல் தொடங்கிய மீட்பு நிறுவனத்தை நடத்திய சேசரே பிராண்டியும் அவரோடு இருந்தவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். சிதைந்த சுவரோவியத்தில் விடுபட்ட இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவது. தள்ளி நின்றால் கோடுகள் கலந்து படம் முழுமையாகத் தெரியும். பக்கத்தில் போனால், இந்த இடம் அசல் இல்லை என்று கோடுகளே சொல்லும்.

ரோமுக்குப் போக வேண்டியதில்லை, நம் புத்தக அலமாரியிலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கையில் இருந்தவை செல்லரித்த ஏடுகள். சில பாடல்களில் வரிகள் பாதியில் ஒடிந்திருந்தன. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருக்கு, முன்னும் பின்னும் உள்ள சீரைப் பார்த்து விடுபட்ட இடத்துக்குப் பொருந்த ஒரு வரி கட்டுவது பெரிய காரியமில்லை. ஓசை தட்டாது, ஒட்டுத் தெரியாது. இலக்கியத்துக்கான ஹீலிங் பிரஷ் அவர் விரலிலேயே இருந்தது. அவர் வைத்தது புள்ளிகள். ஏடுகளுக்கு இடையே வேறுபாடு இருந்தால் பிரதிபேதம் என்று தனியே கொடுத்தார். செல் தின்றது எது, ஏடு எழுதியவர் பிழை எது, புலவரே அப்படித்தான் எழுதினாரா என்று ஒவ்வொரு எழுத்திலும் கேட்ட மனிதர். பூஞ்சையா தழும்பா என்ற என் கேள்வியும் அந்தக் கேள்விதான். நான் அதைக் கேட்க மறந்திருந்தேன்.

6

ஸ்கேன் அப்படியே இருந்ததால் மறுபடி தொடங்கினேன். இந்தமுறை முதல் ஒரு வாரம் பிரஷ்ஷையே தொடவில்லை. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மெல்ல ஒன்று பிடிபட்டது. ஸ்டூடியோ விளக்கு இடது பக்கம் இருந்திருக்கிறது, மூக்கின் நிழல் வலது பக்கம் விழுகிறது. அப்படியென்றால் தோலில் உள்ள குழியின் இடது ஓரம் இருட்டாகவும் வலது ஓரம் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். தழும்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. பூஞ்சை வெளிச்சத்தைச் சட்டை செய்வதில்லை, தட்டையாக முகம், சேலை, திரையில் இருந்த மாளிகை என்று பேதமில்லாமல் படர்ந்திருந்தது. நான்கு வாரம் பிரஷ்ஷின் எண்களோடு மல்லுக்கட்டியவனுக்கு இந்த ஒரு வாரத்தில்தான் ஏதோ கற்ற உணர்வு. பூஞ்சைக்கு ஒரு லேயர், கீறலுக்கு ஒரு லேயர், எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு 'சந்தேகம்' என்று ஒரு லேயர். சின்ன பிரஷ், குறைந்த ஃப்ளோ.

வலது கன்னத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அங்கே தழும்புகள் மங்கலாக இருந்தன. பெரிதாக்கினால், குழிகளின் நிழல்மேல் பொடிப்பொடியான வெளிர்க் கோடுகள், சீராக, ஒரே சாய்வில். பென்சில். அறுபது வருடத்துக்கு முன்னால் ஸ்டூடியோவில் யாரோ நெகட்டிவில் உட்கார்ந்து என் வேலையைச் செய்திருக்கிறார். நான் அசல் என்று காப்பாற்றிக்கொண்டிருந்ததும் ஏற்கெனவே ஒருமுறை டச்சிங் செய்யப்பட்டதுதான்.

ஃபோனில் அத்தையிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "வலது பக்கந்தாம்ப்பா நெறைய இருக்கும். அம்மாவே சொல்லிருப்பா, கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னு. அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உ.வே.சா., பிராண்டி என்று நான் அடுக்கிவைத்திருந்த நியாயமெல்லாம் ஏட்டுக்கும் சுவருக்கும் செல்லும். ஏடு தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுவதில்லை. ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் ஆசைப்படலாம். தழும்பை அழித்தது அவளை அழித்தது என்று நான் கோபப்பட்டேன். ஒருவேளை அவள் காசு கொடுத்துக் கேட்டதே அதைத்தானோ? பென்சிலையும் தொடவில்லை, தழும்பையும் தொடவில்லை. அவளும் டச்சிங்காரரும் சேர்ந்து எதில் நிறுத்தினார்களோ அதில் நானும் நிறுத்திக்கொண்டேன். 'சந்தேகம்' லேயரில் பதினோரு புள்ளிகள் மிஞ்சின. பிரிண்ட் போடும்போது அந்த லேயரை அணைத்துவிட்டேன், புள்ளிகள் இருந்தபடி இருக்கட்டும் என்று. எதைத் துடைத்தேன், எதை விட்டேன் என்று பிரிண்டின் பின்பக்கம் தேதி போட்டு எழுதினேன். அதைப் படிக்க யாரும் ஃபிரேமைக் கழற்றப்போவதில்லை.

புதுப் படத்தைப் பார்த்ததும் அத்தைக்குக் கண் கலங்கியது. "இதான் அம்மா" என்றார். பழையதை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனேன், நான் சுத்தம் செய்து கெடுத்ததை.

"அத எங்க கொண்டு போற?"

"தப்பாப் போனது அத்த. தூக்கிப் போட்டுர்றேன்."

வாங்கிக்கொண்டார். சேலைத் தலைப்பால் கண்ணாடியை ஒரு துடை துடைத்துவிட்டு, பீரோவுக்குள், பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்தார்.

"இருக்கட்டும். அம்மா பாத்திருந்தா இதத்தான் மாட்டச் சொல்லிருப்பா."